கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

அவள் எதையும் கேட்காமல் தொடமாட்டாள். என் சீப்பு என் பாய்மேல், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடக்கும். ஆனாலும் "எடுத்துக்கிடவா?" என்று கேட்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் திரும்புகிறவரைக்கும் காத்திருப்பாள். நான் தலையை ஆட்டிய பிறகுதான் கை நீளும்.

ஜெயிலில் அப்படி ஒருத்தியைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும். களி தட்டில் விழுந்தால் தின்ன வேண்டும். சாயங்காலம் வார்டரம்மா சாவிக்கொத்தோடு வந்து நின்றால் ஆடு அடைகிற மாதிரி எல்லோரும் உள்ளே போக வேண்டும். இவள் மட்டும் வாசற்படியில் நின்று, "அம்மா, உள்ள போகவா?" என்று கேட்பாள்.

"வேண்டாம்னு சொன்னா என்னடி செய்வே?" என்று ஒரு நாள் வார்டரம்மா கேட்டாள்.

"இங்கனயே நிப்பேன்" என்றாள் இவள். கேலியில்லாமல் சொன்னாள். வார்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலம் அது. ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை வர இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. மதுரையில் ஆம்பிளை ஜெயிலை ஒட்டி, தனிச் சுவருக்குள் பெண்களுக்கு ஒரு கொட்டடி. இருபது, இருபத்தைந்து பேர் இருப்போம். நான் அங்கே ஒரு வருஷம் இருந்தேன். என் வீட்டுக்காரர் கொல்லையில் சாராயம் காய்ச்சினார். போலீஸ் வந்த அன்று அவர் வேலி தாண்டிப் போய்விட்டார். பானை யாருடையது என்று என்னைக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கோர்ட்டிலும் கேட்டார்கள். அங்கேயும் குனிந்தேன். குனிந்தபடியே ஜெயிலுக்கு வந்து சேர்ந்தேன்.

இதையெல்லாம் இத்தனை வருஷம் யாரிடமும் பேசியதில்லை. போன மாதம் காலேஜில் படிக்கிற ஒரு பெண் நோட்டோடு என்னைத் தேடி வந்தாள். அந்தக் காலத்து ஜெயிலைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறாளாம். பெண்ணும் பெண்ணும் அங்கே ஆசையாகச் சேர்ந்து இருந்ததுண்டா, அப்படி இருந்தவர்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். என்ன எழுதியிருப்பாளோ என்று எனக்கு மனசு ஆறவில்லை. வாயால் வராதது எனக்குக் கையால் வரும். மூன்றாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். கேட்டுக் கேட்டுத் தொட்டவளின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். அவள் வகையறா இன்னும் சோழவந்தானில் இருக்கிறார்கள்.

பெயர் அங்கே தேவையும் இல்லை. ஜெயிலில் ஊர்தான் பெயர். அவள் சோழவந்தான். நான் வாதவூர்.

என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவள். கறுப்பு. நெட்டை. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்து வந்தால் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்போம். பிறந்ததிலிருந்து வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவள். இலை கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் நகம் கறுத்து உறுதியாக இருக்கும். சமையல்கட்டுக்குக் கீரை ஆயும்போது நாங்கள் ஒரு கட்டு முடிப்பதற்குள் அவள் மூன்று கட்டு முடித்துவிட்டு, "உன்னதுல பாதி எடுத்துக்கிடவா?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். வலிந்து உதவி செய்கிற பழக்கம்கூட அவளிடம் கிடையாது.

புருஷனுடைய தம்பியை அரிவாளால் வெட்டிவிட்டு வந்தவள். புருஷன் செத்து ஆறு மாதத்தில் கொழுந்தன் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்தானாம், வெட்டிவிட்டாளாம். ஜெயிலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் இவள் எதற்கெடுத்தாலும் கேட்டுக்கொண்டு திரிகிறாள் என்றும் சொன்னார்கள். பத்து வருஷம் போட்டிருந்தார்கள்.

என்னை அதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, மாமியார் கேட்டதில்லை, வீட்டுக்காரர் கேட்டதே இல்லை. இவள்தான் ஒரு சீப்புக்கு என் முகத்தைப் பார்த்து நின்றாள். அவள் கேட்க வேண்டும் என்பதற்காகவே சீப்பை வெளியே போட்டுவைப்பேன். உப்பை அவளுக்கு எட்டாத பக்கம் தள்ளி வைப்பேன். அவள் வேறு யாரிடமாவது போய் உப்புக் கேட்டால் அன்றைக்குக் களி இறங்காது. இந்தப் பொறாமை, பின்னால் எழுமலையிலிருந்து ஒருத்தி வந்த பிறகு வந்தது அல்ல. அதற்கு முன்னாலேயே எனக்குள் இருந்தது.

கொட்டடியில் பாய்க்கும் பாய்க்கும் ஒரு முழம் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். வார்டரம்மா பூட்டுவதற்கு முன்னால் பிரம்பை நடுவில் நீட்டிப் பார்ப்பாள். அவள் போன பிறகு, மனசு ஒத்துப்போன இரண்டு பேர் பாயைச் சேர்த்துப் போட்டுக்கொள்வதுண்டு. "அவுக பாய் சேத்தவுக" என்று மற்றவர்கள் சொல்வார்கள். கல்யாணம் கட்டியவர்களைக் கேலி செய்கிற மாதிரியே கேலி செய்வார்கள். பிடிக்கவில்லையென்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம். போனவர்களும் உண்டு. ஒருத்தி இன்னொருத்தியை மிரட்டிச் சேர்த்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் காலேஜ் பெண் கேட்டதற்கு இதுதான் பதில். பாய் சேர்த்தவர்களுக்குள் என்ன இருந்தது என்று விவரமாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன இருக்குமோ அது இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாரத்துக்கு ஒரு நாள் தலைக்கு எண்ணெய் தருகிற நாள் அது. வேப்பமரத்தடியில் நான் ஈரத்தலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள்.

"ஏ வாதவூரு, ஒண்ணு கேக்கவா?"

தலையை ஆட்டினேன்.

"உன் பாயோட என் பாயச் சேத்துப் போட்டுக்கிடவா?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் பெரியவர்கள் மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று கேட்டால் அவள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அதுதான் சம்மதம். வாயைத் திறந்து சரி என்று சொல்லிவிட்டால், இதற்கென்றே பறந்துகொண்டிருந்தாள் என்று ஊர் சிரிக்கும். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். தலையைக் குனிந்தேன். கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினேன். இதைவிட ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

அவள் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, "சரி தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் அவள் பாய் வழக்கம்போலச் சுவரோரம்தான் கிடந்தது. எனக்கு ஒன்றும் சந்தேகம் வரவில்லை. அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது. தேய்பிறையில் எதையும் தொடங்கக்கூடாது என்று இருக்கிறாள் போல என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பாயை உதறி வெயிலில் போட்டேன். மாற்றுச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தேன். நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்கு மறுநாள் எழுமலைக்காரி வந்து சேர்ந்தாள்.

குட்டை. எடுப்புப் பல். தெருச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரியின் பாம்படத்தைப் பிடித்து இழுத்துக் காதோடு அறுத்துவிட்டு வந்தவள். நகைக்கு ஆசைப்பட்டுச் செய்தாள் என்று கேஸ். "நகைய எவ கேட்டா? அவ காது அம்புட்டு லேசா அந்துரும்னு நான் கண்டேனா?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கொட்டடியின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கும். நான் நல்லதாக எழுத வேண்டும் என்று பார்க்கிறேன், அவளைப் பற்றி எனக்கு நல்லதாக எதுவும் வரவில்லை. களியை அள்ளி அள்ளித் தின்பாள். வாய் நிறையக் களியோடு பேசுவாள்.

முதல் நாள் சோழவந்தான் அவள் பக்கத்தில் போய், "இங்கன உக்காரவா?" என்று கேட்டாள்.

"இது என்ன எங்க அப்பன் வீட்டுக் களமா? உக்காரு மதினி" என்றாள் எழுமலைக்காரி.

சோழவந்தான் சிரித்தாள். நான் வந்து ஐந்து மாதத்தில் அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. எல்லோரும் பாய் விரித்துக்கொண்டிருக்கும்போதே, என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவளிடம் கேட்டாள். எழுமலைக்காரி துளி வெட்கப்படவில்லை. "போடு, போடு. கொறட்டை விடுவேன், அப்புறம் எங்கிட்டச் சண்டைக்கு வரப்படாது" என்றாள். கொட்டடியே சிரித்தது. ஒருத்தி குலவை போட்டாள். வார்டரம்மா வெளியிலிருந்து என்னடி சத்தம் என்று அதட்டினாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என்னைக் கேட்டுவிட்டு, நான் சம்மதித்த பிறகு, நேற்று வந்தவளைச் சேர்த்துக்கொண்டாளே என்று நெஞ்சு எரிந்தது. என்னைக் கேட்டது விளையாட்டுக்குத்தான் போல என்று நினைத்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வாய் ஏது?

அதற்குப் பிறகு நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுதான் என் வேலையாகிவிட்டது. அரிசியில் கல் பொறுக்கும்போது கல்லை விட்டுவிட்டு அரிசியை எறிவேன். எழுமலைக்காரிக்குப் பேன் பார்க்கச் சொன்னால், வேண்டுமென்றே முடியைச் சுண்டி இழுப்பேன். "ஏ வாதவூரு, இது தலையா, நாத்தங்காலா?" என்று அதற்கும் சிரிப்பாள். அவளைக் கோபப்படுத்தக்கூட என்னால் முடியவில்லை.

பாய் சேர்த்த பிறகு கேட்பது நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். "கையப் பிடிச்சுக்கிடவா?" என்பாள். சில நாள் எழுமலைக்காரி, "ம்" என்பாள். மிளகாய் இடித்த நாளில், "இன்னிக்கு வேண்டாம் மதினி, கை காந்துது" என்பாள். வேண்டாம் என்று சொன்னால் கோபம் வரும், முகம் தொங்கும், மறுநாள் பேச்சு நிற்கும், அதுதான் எனக்குத் தெரிந்தது. இவளோ, "சரி, ஊதிவிடவா?" என்று கேட்பாள். பிறகு இரண்டு பேரும் குசுகுசுவென்று சிரிப்பார்கள். வேண்டாம் என்று சொன்னவளிடம் ஒருத்தி அப்படிச் சிரித்துப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

வார்டரம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. அதனால் ஆள் கணக்குப் பலகையை எழுதுவது என் பொறுப்பு. தினமும் சாயங்காலம் உள்ளே எத்தனை பேர், காய்ச்சல் எத்தனை பேர் என்று சிலேட்டில் எழுதிக் கொடுப்பேன். வார்டரம்மா அதை வாங்கிப் படித்துப் பார்க்கமாட்டாள். நேரே முன்வாசல் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஆடி மாதம் ஒரு நாள், எழுமலைக்காரிக்குக் காய்ச்சல். சோழவந்தான் வார்டரம்மாவிடம் கேட்டு, தன் கஞ்சியை அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும், "இன்னொரு வாய் தரவா?" என்று கேட்டாள். நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் இருபத்துமூன்று, காய்ச்சல் ஒன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர்கள் இரண்டு பேருடைய நம்பரையும் எழுதி, இவர்கள் தினமும் ஒரே பாயில் படுக்கிறார்கள் என்று எழுதினேன். எழுத்து அன்றைக்கு நன்றாகவே வந்தது.

மறுநாள் வார்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்றாள். "நாலு சுவத்துக்குள்ள கெடக்குற சீவன், என்னமோ இருந்துட்டுப் போகுதுன்னு விட்டேன். இப்ப எழுத்துல வந்துருச்சு. ஆபீசுல பாத்துட்டாக. இனி நான் கண்ண மூட முடியுமா?"

பாயைப் பிரிப்பார்கள் என்றுதான் எழுதினேன், ஆளையே பிரிப்பார்கள் என்று நினைக்கவில்லை. இப்படி எனக்கு நானே எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. கொஞ்சம் நினைத்தேன்.

எழுமலைக்காரியை வடக்கே வேறு ஜெயிலுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் காலையில் அவளை ரயிலில் கூட்டிப்போக வெளியிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். நாங்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எழுமலைக்காரி அன்றைக்குச் சிரிக்கவில்லை. சோழவந்தான் எழுந்து வார்டரம்மாவிடம், "அம்மா, கிட்டப் போகவா?" என்று கேட்டாள். வார்டரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, போ என்று கையை ஆட்டினாள். இவள் எழுமலைக்காரிக்கு எதிரில் போய் நின்றாள்.

"கட்டிக்கிடவா?"

"கேக்காத மதினி. இன்னிக்கு ஒரு நாளாச்சும் கேக்காமப் பிடி."

அவளால் முடியவில்லை. இரண்டு கையும் பாதி தூரம் நீண்டு அந்தரத்தில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. எழுமலைக்காரி அவளைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இறங்கிவிட்டது. "சரி, பிடி" என்றாள். அதற்குப் பிறகுதான் கை போய்ச் சேர்ந்தது.

அவ்வளவு பேரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த இரண்டு கைக்கு நடுவில் நான் நின்றால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் கீரை ஆயச் சொன்னார்கள். நானும் சோழவந்தானும் மட்டும்தான். முன்னால் இப்படித் தனியாக உட்கார நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன். அவள் ஒரு கட்டை எடுத்துப் பிரித்தாள். ஆயவில்லை.

"நீதான் எழுதுனியா, வாதவூரு?"

எங்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள். என் தலை தானாகக் குனிந்தது. அவள் காத்திருந்தாள்.

"குனியாத. குனிஞ்சா எனக்கு வெளங்காது. ஆமான்னு சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

"ஆமா" என்றேன்.

அவள் என்னை வையவில்லை. "இம்புட்டுத் தெளிவா வருதே வாய்" என்றாள். "அன்னைக்கு மரத்தடியில கேட்டப்ப ஏன் வரலை? வேண்டாம்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சரின்னுதான் குனிஞ்சேன், அக்கா."

அவள் கையிலிருந்த கீரை அப்படியே மடியில் விழுந்தது.

"குனிஞ்சா சரியா?"

"எங்க ஊர்ல அப்பிடித்தான்."

"எங்க ஊர்லயும் அப்பிடித்தான்" என்றாள்.

பிறகு மீதியைச் சொன்னாள். அவள் கல்யாணத்துக்கும் சம்மதமா என்று கேட்டார்களாம். அவளுக்குச் சம்மதமில்லை. ஆனால் பொம்பளைப் பிள்ளை எதிர்த்துப் பேசக்கூடாது என்று பேசாமல் குனிந்து நின்றாளாம். சரி என்று தாலி கட்டிவிட்டார்களாம்.

"எம் கொழுந்தன் கேக்காம வந்தான்னு எல்லாரும் சொல்றாக. அது பொய்யி. வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் வந்தான். உள்ள வரவான்னு கேட்டான். பயத்துல எனக்கு நாக்கு எழும்பலை. பேசலைன்னா சரின்னு அர்த்தம்னு வந்துட்டான். குனிஞ்ச தலையப் பாத்துக்கிட்டு நான் எப்பிடித் தாயி உங்கிட்டப் பாயப் போடுவேன்?"

அவ்வளவுதான் பேசினாள். பிறகு கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த நாற்பது நாளும் அவள் மற்ற எல்லோரிடமும் கேட்டாள். வார்டரம்மாவிடம் கேட்டாள், புதிதாக வந்தவர்களிடம் கேட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். அவளுக்கு இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்தது. அப்புறம் அவளைப் பற்றி எதுவும் தெரியாது.

அவள் அதைச் சொன்ன அந்த நிமிஷத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் கிடைத்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று அழுதிருக்க வேண்டும். அதெல்லாம் பின்னால் வந்தது. ரொம்ப வருஷம் கழித்து வந்தது. அன்றைக்கு முதலில் வந்தது வேறு. அவள் என்னை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வேண்டாம் என்று என்னை விடவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு சரி சொல்லியிருந்தால் எழுமலைக்காரி வரும்போது எங்கள் பாய் சேர்ந்து கிடந்திருக்கும். அவள் ஆசைப்பட்டது முதலில் என்னை. எழுமலைக்காரி இரண்டாவதுதான். ரயிலில் போய்க்கொண்டிருக்கிற அந்தக் குட்டைச்சிக்கு இதை யாராவது போய்ச் சொல்ல மாட்டார்களா என்று எனக்கு இருந்தது.